நடுக்கோட்டைக் கடந்த நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியம் பேசுவதே வழக்கம். எனக்கு முன் பேசியவர்களும் குறளும் சிலம்பும் பேசி உங்கள் செவிக்கு விருந்து படைத்தனர். நானோ கப்பலின் இயந்திர அறையில், எண்ணெய்க்கும் இரைச்சலுக்கும் நடுவே, முப்பது ஆண்டுகள் கழித்தவன். "எனக்கு என்ன பேசத் தெரியும்?" என்று செயலாளரிடம் கேட்டேன். "நம் குடியிருப்புக் குழந்தைகளிற் பலர் கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். கடலைப் பற்றி எதையேனும் சொல்லுங்கள்" என்றார். கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் பெங்களூரில் கடலைப் பற்றிப் பேசப் புகுந்தது இவ்வாறுதான். என் நெஞ்சில் நெடுநாள் கிடந்த ஒரு செய்தியை இந்த வாய்ப்பில் இறக்கி வைக்கலாம் என்றும் எண்ணினேன்.

பள்ளி நூல்களில் பூமத்திய ரேகை என்றும், நல்ல தமிழில் நிலநடுக்கோடு என்றும் வழங்கும் கோடு ஒன்று உண்டு. அது நிலவுலகை வடபாதி, தென்பாதி என இரண்டாகப் பகுக்கிறது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 40,075 கிலோமீட்டர். நாம் வாழும் பெங்களூர் அதற்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. சென்னையும் ஏறத்தாழ அதே பாகையில்தான் உள்ளது. ஒரு பாகைக்கு 60 கடல்மைல். எனவே இங்கிருந்து நேர்தெற்கே 780 கடல்மைல், அதாவது சற்றேறக்குறைய 1,440 கிலோமீட்டர் சென்றால் அக்கோட்டை அடையலாம். இங்கிருந்து ஹௌராவுக்கு ரயிலேறுவோர் அதைவிட நெடுந்தொலைவு செல்கின்றனர். ஆயினும் இந்திய மண் அக்கோட்டை எங்கும் தொடுவதில்லை. நம் நாட்டின் தென்கோடியாகிய பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையும் அதற்கு வடக்கே 6 பாகை 45 கலையில் நின்றுவிடுகிறது. ஆதலின் அக்கோட்டைக் கடக்க விரும்பும் இந்தியன் கடலில் இறங்கியே தீரவேண்டும், அல்லது வானில் பறக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கோட்டைக் கடந்தோம் என்று எவ்வாறு அறிவது என்று குழந்தைகள் கேட்கலாம். வானத்தைப் பார்த்தால் போதும். துருவ மீன் அடிவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகை வடக்கே நாம் நிற்கிறோம். பெங்களூர் மாடியில் அது 13 பாகை உயரத்தில் இருக்கும், கன்னியாகுமரியில் 8 பாகைக்கு இறங்கிவிடும். கப்பல் தெற்கே செல்லச் செல்ல அது தாழ்ந்து தாழ்ந்து, நடுக்கோட்டருகே அடிவான மூட்டத்தில் மறைந்துபோகும். பழங்கால மாலுமிக்கு அது வழித்துணையை இழந்ததற்கு ஒப்பாகும். இன்னொன்றும் சொல்லவேண்டும். கழுவுதொட்டி நீர் கோட்டின் வடக்கே ஒருபுறமும் தெற்கே மறுபுறமும் சுழன்று இறங்கும் என்று சிலர் உங்களிடம் கூறியிருப்பர். அதை நம்பாதீர்கள். புவிச்சுழற்சி புயலைத் திருப்பும் ஆற்றல் உடையதுதான். ஆனால் தொட்டி நீரைத் திருப்புவது தொட்டியின் வடிவமும் நீரை ஊற்றிய கையுமே. நான் கப்பலின் கழுவுதொட்டியில் பலமுறை பார்த்துவிட்டேன்.

நடுக்கோட்டை ஒட்டிக் காற்றடங்கிய கடற்பகுதி ஒன்றுண்டு. பாய்க்கப்பல் காலத்தில் அங்கே அகப்பட்ட கப்பல்கள் வாரக்கணக்கில் அசையாது நின்றன. குடிநீர் குறைந்தது, நோய் பெருகியது. புதியவன் ஒருவன் அத்துன்பத்தைத் தாங்குவானா என்று பழையவர்கள் ஐயுற்றனர். அந்த அச்சத்திலும் ஐயத்திலும் பிறந்ததே கோடு கடக்கும் சடங்கு. 1529-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் பார்மாந்தியே உடன்பிறப்பாளர்கள் சுமத்திராவை நோக்கிச் சென்ற பயணத்தில், மே 11-ஆம் நாள், கோட்டைக் கடக்கையில் ஏறத்தாழ ஐம்பது பேருக்கு வீரப் பட்டம் சூட்டினர். வழிபாடு நடந்தது, கடல்மீன் சமைத்து விருந்துண்டனர். தொடக்கத்தில் அது எத்துணை இனிய சடங்காய் இருந்தது பாருங்கள்!

பின்னர் அதில் முரட்டு விளையாட்டுப் புகுந்தது. கடல் தெய்வமாகிய நெப்டியூன் வேடத்தில் ஒரு முதிய மாலுமி கப்பலேறி வருவான். அவனுக்கு அரசியும் எழுத்தரும் மருத்துவனும் நாவிதனும் காவலரும் உண்டு. முதன்முறை கோட்டைக் கடப்பவனை அவர்கள் தலைப்பிரட்டை என்பர். அவனை வழக்கு விசாரித்து, முகத்தில் கண்டதைப் பூசி மழித்து, நீரில் அமுக்கி எடுத்தபின் அவன் ஆமையாகிவிடுவான். ஓடு முற்றிய கடலோடி என்பது அதன் பொருள். 1832-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் 'பீகிள்' கப்பலில் இவ்வாறு மழிக்கப்பட்டவர்களுள் ஒருவர் உயிரியல் மேதை சார்லஸ் டார்வின். அப்போது அவருக்கு 23 வயது. கண்ணைக் கட்டி, கீலும் வண்ணமும் முகத்திற் பூசி, இரும்புப் பட்டையால் சுரண்டி, நீரில் கவிழ்த்தனர். கப்பல் தலைவர் உட்பட ஒருவரும் நனையாமல் தப்பவில்லை என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1936 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டும் 'இண்டியானாபொலிஸ்' போர்க்கப்பலில் இச்சடங்குக்கு உட்பட்டார். நாட்டின் தலைவனும் கோட்டின்முன் புதியவனே என்பது அதன் கருத்து.

இது மேலைநாட்டார் கதை. தமிழர் அக்கோட்டைக் கடந்ததில்லையா எனின், கடந்தனர். 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு நிரல்படக் கூறுகிறது. அவற்றுள் சீவிசயம் சுமத்திராவின் பாலெம்பாங் என்றும், மலையூர் அத்தீவின் சாம்பிப் பகுதி என்றும் அறிஞர் கொள்வர். இரண்டும் நடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ளவை. அங்கே சென்ற சோழ மாலுமிகள் துருவ மீன் மறையக் கண்டபோது தங்களுள் என்ன பேசிக்கொண்டார்களோ, கல்வெட்டு அதைச் சொல்லவில்லை.

இன்னொரு கூட்டமும் கடந்தது. 1860 அக்டோபரில் சென்னையை விட்டுப் புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அதில் வந்து இறங்கியவர் 342 பேர். தமிழரும் தெலுங்கரும் அவர்களுட் பெரும்பாலோர். கரும்புத் தோட்டத்தில் உழைப்பதாக ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள் அவர்கள். 1911 வரையில் அவ்வாறு நேட்டால் சென்ற இந்தியர் 1,52,184 பேர். மொரீசியசுக்கும், 1903 முதல் பிஜித் தீவுக்கும் சென்னையிலிருந்து சென்றவர்களும் அதே கோட்டைக் கடந்தவர்களே. அவர்களுக்குக் கடலரசன் வந்து பட்டம் வழங்கவில்லை. கழுத்தில் எண் பொறித்த தகடு தொங்கியது. புதியவனை மாலையிட்டு வரவேற்பதும் மனிதர் வழக்கம், எண்ணிட்டு ஏற்பதும் மனிதர் வழக்கம். இதை மனத்திற் கொண்டு என் கதையைக் கேளுங்கள்.

1981-ஆம் ஆண்டு, என் 22-ஆம் வயதில், இளநிலைப் பொறியாளனாக ஒரு சரக்குக் கப்பலில் சேர்ந்தேன். நிலக்கரி ஏற்றுவதற்காகச் சென்னையிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூகாசல் துறைமுகத்தை நோக்கி வெற்றுக் கப்பலாகப் புறப்பட்டோம். ஏறத்தாழ ஐம்பது பேர் இருந்தோம். அவர்களுள் புதியவர் ஏழு பேர். மூன்றாம் நாள் மாலை இரண்டாம் அதிகாரி என்னை மேல்மாடத்திற்கு அழைத்துத் தொலைநோக்கியைக் கையிற் கொடுத்து, "அதோ பார், கோடு தெரிகிறது" என்றார். பார்த்தேன். கடலின் குறுக்கே கறுத்த மெல்லிய கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது! "தெரிகிறது சார்!" என்று நான் கூவியதும் மாடமே சிரித்தது. கண்ணாடியின் குறுக்கே அவர் ஒரு தலைமயிரை ஒட்டி வைத்திருந்தார். பழைய கப்பல்களில் வழிவழியாக வரும் கேலி அது. நானும் சிரித்தேன். அன்றிரவு எழுத்தர் வேடத்தில் வந்தவர் ஏழு பேருக்கும் அழைப்பாணை படித்தார். மறுநாள் காலை 10 மணிக்குக் கடலரசன் திருமுன் தலைப்பிரட்டைகள் நிற்கவேண்டும் என்பது ஆணை.

மறுநாள் இரண்டாம் அதிகாரி செக்ஸ்டண்ட் கருவியால் கதிரவனை அளந்து கணக்கிட்டுக் கையசைத்தார். செயற்கைக்கோள் வழிகாட்டி எங்கள் கப்பலை எட்டாத காலம் அது. கப்பலின் சங்கு நீண்டு ஒலித்தது. நான்காம் சரக்கறையின் மூடிமேல் அரசவை கூடியிருந்தது. எங்கள் கப்பலில் கடலரசனை நெப்டியூன் என்னாது வருணன் என்றே அழைத்தனர். நெய்தல் நிலத்திற்கு வருணனைத் தெய்வமாகத் தொல்காப்பியம் வகுத்திருப்பதைத் தலைமை மாலுமி அறிந்திரார். எனினும் வழக்கம் தானாகவே தன் தாய்வீடு சேர்ந்துவிட்டது!

அத்தலைமை மாலுமியைச் சாரங்கு என்று அழைப்போம். நாகூரைச் சேர்ந்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர். தகரத்தை வெட்டி முடி செய்திருந்தார். பிரித்த கயிற்றுப்புரி தாடியாயிற்று, படகுக் கொக்கி சூலமாயிற்று. படுக்கை விரிப்பைச் சேலையாகச் சுற்றிய ஒரு கலாசி அரசியாக வீற்றிருந்தார். மருத்துவரோ கோதுமை மாவில் மிளகாயும் பாகற்சாறும் சேர்த்து உருட்டிய மாத்திரைகளுடன் நின்றார். நாவிதர் கையில் இரண்டடி நீள மரக்கத்தி. பின்னால் கித்தான் துணியில் கட்டிய தொட்டி நிறையக் கடல்நீர்.

முதலில் என்னை நிறுத்தினர். "முட்டைக்குள் இருக்கும் கோழியைப்போல் இயந்திர அறைக்குள்ளேயே இருந்து, என் கடலை ஒருமுறையும் கும்பிடாத குற்றம்" என்று எழுத்தர் படித்தார். மாத்திரையை விழுங்கினேன், கண்ணீர் பெருகியது. மாவும் சாயமும் முகத்திற் பூசி, மரக்கத்தியால் வழித்து, தொட்டியில் கவிழ்த்தனர். எழுந்தபோது அனைவரும் கைதட்டினர். நேற்றுவரை என்னைப் 'புது ஆள்' என்று அழைத்த தேல்வாலா ஒருவர் துண்டை நீட்டி, "வாங்க சார், இனி நீங்கள் நம்ம ஆள்" என்றார். அன்பர்களே, அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் நான்கு மாத்திரை விழுங்கியிருப்பேன். சடங்கின் பயன் அதுதான். அறியாத ஐம்பது பேருக்கு நடுவே, வீட்டை விட்டு நெடுந்தொலைவில், நாமும் ஒருவர் என்று ஆகிவிடுகிறோம்.

ஐந்தாவதாக நிறுத்தப்பட்டவன் சமையற்கட்டில் பண்டாரிக்கு உதவியாக இருந்த 19 வயதுப் பிள்ளை. தூத்துக்குடிக்கு அருகே ஒரு கரையூரைச் சேர்ந்தவன். அதிகம் பேசமாட்டான். கழுத்தை எட்டும் முடியை எப்போதும் துணித்தொப்பிக்குள் ஒடுக்கி வைத்திருப்பான். இரு நாட்களுக்கு முன், இரவில், பின்தளத்தில் நாங்கள் இருவரும் காற்று வாங்க நின்றபோது அவன் என்னிடம் சொல்லியிருந்தான்: "அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை சார். திருச்செந்தூர் முருகனுக்கு முடி நேர்ந்திருக்கிறேன். இந்தப் பயணம் முடிந்து, சம்பளத்தோடு அம்மாவையும் அழைத்துக்கொண்டுபோய் இறக்கவேண்டும். அதுவரை கத்தரி படக்கூடாது." வேறு எவருக்கும் அவன் அதைச் சொல்லவில்லை. தமிழ் பேசுகிறவன், தன் வயதை ஒத்தவன் என்று என்னிடம் சொன்னான்.

எழுத்தர் குற்றம் படித்தார்: "ஆண்பிள்ளை பெண்பிள்ளைபோல் முடி வளர்த்த குற்றம்." அவை சிரித்தது. தொப்பியைப் பறித்தனர். அவன் இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, "வேண்டாம் அண்ணே, வேண்டாம்" என்றான். அந்த விளையாட்டில் எல்லோரும் 'வேண்டாம்' என்றே கூவுவார்கள். நானும் கூவினேன், எனக்குப் பின்பு வந்தவர்களும் கூவினார்கள். ஆதலால் உண்மையான 'வேண்டாம்' அங்கே எவர் காதிலும் விழவில்லை. என் காதில் மட்டும் விழுந்தது.

நான் எழுந்திருக்கலாம். "நேர்த்திக்கடன் முடி, விட்டுவிடுங்கள்" என்று நான்கு சொற்கள் சொல்லியிருக்கலாம். அப்போதுதான் நான் 'நம்ம ஆள்' ஆகியிருந்தேன். கிடைத்த அந்த இடத்தைக் கேலிக்கு இழக்க மனம் வரவில்லை. மரக்கத்திதானே, வெட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாவிதர் வேடத்தவர் மடியிலிருந்து மெய்யான கத்தரிக்கோலை எடுத்தார். முன்னெற்றியிலிருந்து ஒரு பிடி முடி தரையில் விழுந்தது. பிறகு அவன் கையை எடுத்துவிட்டான், எதிர்க்கவே இல்லை. பூசினார்கள், கவிழ்த்தார்கள், கைதட்டினார்கள். அவனுக்கும் எவரோ துண்டு நீட்டினார். வாங்காமலே போய்விட்டான்.

அன்றிரவு விருந்து. கோழிக்கறியும் கேசரியும். அவன் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. பண்டாரியிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் சாரங்கிடம் சொன்னார். சாரங்கு உண்பதை விட்டு எழுந்து, கைவிளக்குடன் நான்காம் சரக்கறைப் பக்கம் போனார். நானும் பின்னே போனேன். மாலையிலேயே தளத்தைக் குழாய்நீர் பாய்ச்சிக் கழுவிவிட்டிருந்தார்கள். ஒரு மயிரிழையும் அங்கே இல்லை. எல்லாம் கடலுக்குப் போயிருந்தது.

அவர் நேரே அப்பிள்ளையின் அறைக்குச் சென்றார். கழுத்தில் வேடச் சாயம் இன்னும் இருந்தது. வாயிலில் நின்று சொன்னார்: "தம்பி, நான் நாகூர்க்காரன். எங்கள் தர்காவிலும் முடி இறக்குகிறார்கள். நேர்ச்சை முடி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எவனாவது ஒருவன் ஒரு சொல் சொல்லியிருந்தால், கத்தரி எடுத்தவன் கையை நான் பிடித்திருப்பேன். அரசனாக உட்கார்ந்தவன் நான். பிழை என்னுடையது. பொறுத்துக்கொள்."

அப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு, "பரவாயில்லை அண்ணே. விழுந்ததும் கடலில்தானே. திருச்செந்தூர்க் கரையிலும் அதே கடல்தான்" என்று அவரிடம் சொன்னான்.

எஞ்சிய முடியைப் பயணம் முடியும்வரை எவரும் தொடவில்லை, கேலியும் செய்யவில்லை. இரண்டு மாதங்கழித்து விசாகப்பட்டினத்தில் அவன் இறங்கினான். எல்லோரிடமும் விடைபெற்றான். என்னிடமும் வந்து, "வருகிறேன் சார்" என்றான். அவ்வளவுதான். அந்நிகழ்ச்சியைப் பற்றி அவன் ஒருநாளும் என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

காலம் சென்றது. 1994-ஆம் ஆண்டு வேறொரு கப்பலில் தலைமைப் பொறியாளனாகப் பம்பாயிலிருந்து மொம்பாசாவுக்குச் சென்றுகொண்டிருந்தேன். மொம்பாசா நடுக்கோட்டிற்குத் தெற்கே 4 பாகையில் உள்ள ஊர். புதியவர் ஒன்பது பேர் இருந்தனர். கப்பல் தலைவர் என்னை வருணனாக இருக்கும்படி வேண்டினார். நான் சில நெறிகளைக் கூறி, அவற்றை ஏற்றால் முடி தரிக்கிறேன் என்றேன். முதலாவது, முந்தைய இரவில் ஒவ்வொரு புதியவனையும் தனியே அழைத்து, 'உனக்கு ஆகாதது எது' என்று கேட்டறிய வேண்டும். காரணம் கேட்கக்கூடாது. இரண்டாவது, ஒவ்வொருவன் கையிலும் ஒரு சிறு மணி இருக்கவேண்டும். 'வேண்டாம்' என்று எவ்வளவு கூவினாலும் விளையாட்டு நடக்கும், மணி ஒலித்தால் அக்கணமே நிற்கும். மூன்றாவது, கத்தரியும் கத்தியும் எரிச்சலூட்டும் எண்ணெயும் அவைக்கு வரலாகாது. நான்காவது, முடிவில் தலைவரும் நானும் உட்படப் பழையவர் அனைவரும் நனையவேண்டும்.

"இத்தனை சட்டம் போட்டால் சுவை இருக்குமா?" என்று சிலர் முணுமுணுத்தனர். ஒன்பது பேரில் ஒருவன் மட்டும் மணியடித்தான். சிறுவயதில் கிணற்றில் மூழ்கிப் பிழைத்தவன் அவன், தலைக்குமேல் நீர் வந்தால் உயிர் நடுங்கும். உடனே நிறுத்தி, உள்ளங்கை நீரை அவன் தலையில் தெளித்து வாழ்த்தினோம். அதன்பின் என்னைத் தொட்டியில் தள்ளியவர்களுள் முதல்வன் அவனே! அன்று எழுந்த சிரிப்பைப்போல் வேறெந்தக் கப்பலிலும் நான் கேட்டதில்லை. அஞ்சவேண்டியதில்லை என்று அறிந்தவனே வாய்விட்டுச் சிரிக்க முடியும் என்பதை அன்று கற்றேன்.

இது கப்பலோடு நின்றுவிடும் செய்தியன்று. 1995-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் இச்சடங்கின் பெயரால் மாலுமிகளை இழிவுபடுத்திய காட்சி வெளியாகி அந்நாட்டையே தலைகுனியச் செய்தது. நம் கல்லூரி விடுதிகளில் 'ராகிங்' என்னும் பெயரால் நிகழ்ந்த கொடுமைகளைக் கண்டு தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டு தடைச் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. அங்கும் பழையவர்கள் சொல்லும் சொல் ஒன்றே: "விளையாட்டுக்குத்தானே!" விளையாட்டா இல்லையா என்பதை முடிவு செய்யவேண்டியவன் கத்தரி பிடித்தவன் அல்லன், தலையைக் கொடுத்தவன்.

பெண்மக்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். முன்னாளில் இச்சடங்கில் அரசி வேடமும் ஆணுக்கே உரியது. 2017 செப்டம்பர் 25-ஆம் நாள் இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்னும் பாய்மரப் படகு நடுக்கோட்டைக் கடந்தது. அதிலிருந்த அறுவரும் பெண்களே. மீண்டும் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து அதே படகில் இருவர் மட்டும் புறப்பட்டனர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, நம் தமிழ்ப் பெண்! ஏறத்தாழ 17 மீட்டர் நீளமே உள்ள படகில், காற்றையே துணையாகக் கொண்டு, உலகைச் சுற்றி 2025 மே 29-ஆம் நாள் கரை சேர்ந்தனர். உலகைச் சுற்றியதாகக் கணக்கில் கொள்ள நடுக்கோட்டை இருமுறை கடந்தாக வேண்டும். 1860-இல் எண் தகட்டுடன் கோட்டைக் கடந்த நம் பாட்டிமாரை எண்ணிப் பார்க்கிறேன், சுக்கானைத் தாமே பிடித்துக் கடந்த இம்மகளையும் எண்ணிப் பார்க்கிறேன். நெஞ்சு நிறைகிறது.

இறுதியாக நம் கதைக்கு வருகிறேன். இங்கே அமர்ந்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் ஒரு கோட்டைக் கடந்து வந்தவர்களே. ஒசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் கன்னடப் பெயர்ப்பலகையை முதன்முதலாகப் பார்த்த நாள் உங்கள் நினைவில் இருக்கும். கடலை விட்டு இக்குடியிருப்புக்கு நாங்கள் குடிவந்தது ஒரு சனவரி மாதம். எனக்கும் என் மனைவிக்கும் கன்னடத்தில் பத்துச் சொற்களும் தெரியா. மூன்றாம் நாள் மகர சங்கராந்தி. எதிர்வீட்டு அம்மையார் தட்டில் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து எடுத்துவந்து, ஏதோ சொல்லி நீட்டினார். எள்ளும் வெல்லமும் தின்று நல்ல சொல் பேசுங்கள் என்பது அதன் பொருள் எனப் பின்னரே அறிந்தோம். என் மனைவி வீட்டிலிருந்த பொங்கலைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள். எங்களுக்கு நிகழ்ந்த கோடு கடக்கும் சடங்கு அதுவே. அதில் மாத்திரையும் இல்லை, மழிப்பும் இல்லை. அன்று முதல் நாங்கள் அத்தெருவினர்.

அவ்வாறு ஏற்கப்பட்ட நாம், நமக்குப் பின் வருவோரை எவ்வாறு ஏற்கிறோம்? ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த இளைஞனின் பேச்சைக் கேட்டு நகைக்கிறோமா? கன்னடமும் ஆங்கிலமும் வராத மாணவனைப் பட்டப்பெயரிட்டு அழைக்கும் நம் பிள்ளைகளைக் கண்டும் காணாததுபோல் இருக்கிறோமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் கட்டடங்களில் கல் சுமப்பவரின் பெயரைக் கேட்டிருக்கிறோமா? அங்கெல்லாம் 'வேண்டாம்' என்று மெல்லிய குரல் ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அது நம்முள் ஒருவர் காதிலாவது விழத்தான் செய்யும். விழுந்தவர் எழுந்து நின்று நான்கு சொற்கள் சொல்லவேண்டும். நான் சொல்லத் தவறியவன். ஆதலின் சொல்லுங்கள் என்று உங்களை வேண்டுகிறேன்.

சங்கத்தாருக்கு ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில், அவ்வாண்டு இக்குடியிருப்புக்குப் புதிதாக வந்த குடும்பங்களை, அவர்கள் எம்மொழியினராயினும், மேடைக்கு அழையுங்கள். வர விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். வருபவர் கையில் எள்ளும் வெல்லமும் ஒரு கிண்ணம் பொங்கலும் கொடுங்கள். அந்த வேலைக்கு ஆள் வேண்டுமாயின், பழைய வருணன் ஒருவன் இங்கே சும்மா இருக்கிறான்.